தூய சீட்டும் தூர்ந்த கழிமுகமும்



திருவொற்றியூரில் யான் தமிழ் கற்பிக்கும் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பில், மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக ஆங்கிலச் செய்தியொன்றைக் கொடுத்திருந்தேன். ஆலையொன்றைப் பார்வையிட்ட அலுவலர்கள் அதற்குக் ‘கிளீன் பில் ஆவ் எல்த்’ வழங்கிச் சென்றனர் என்பது அச்செய்தியின் முதல் வரி. மறுநாள் மாணவனொருவன் தன் குறிப்பேட்டை நீட்டினான். ‘ஆரோக்கியத்தின் சுத்தமான மசோதாவை வழங்கினார்கள்’ என்று அதில் எழுதியிருந்தது. “இதை எங்கே பிடித்தாய்?” என்றேன். “கைப்பேசி சொன்னது, ஐயா” என்றான்.

ஆரோக்கியம் வடசொல். சுத்தம் வடசொல். மசோதாவோ அரபியிற் பிறந்து உருதுவின் வழியே நம் சட்டமன்றத்துக்குள் நுழைந்த சொல். இம்மூன்றையும் கட்டி நிறுத்தும் உருபும் ஈறுமே தமிழ். வீட்டுச் சுவரெல்லாம் அயலான் செங்கல்லாகவும், இடையிற் பூசிய சுண்ணாம்பு மட்டும் நம்முடையதாகவும் இருந்தால் அதனை நம் வீடென்று சொல்லி மகிழ்வதெப்படி?

கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கருவியை நோவதிற் பயனில்லை. நாம் எழுதிக் குவித்ததைத்தான் அது நமக்கே திருப்பித் தருகின்றது. செய்தித்தாளில் ‘சுத்தமான சுகாதாரச் சான்றிதழ்’ என்று எழுதுகின்றோம். தொலைக்காட்சியில் ‘கிளீன் சிட்’ என்று முழங்குகின்றோம். அந்தச் ‘சிட்’ என்பதும் ஆங்கிலர் வீட்டுச் சொல்லன்று. இந்தியின் ‘சிட்டி’ ஆங்கிலத்துக்குட் புகுந்து, சட்டை மாற்றிக்கொண்டு நம்மிடம் வருகின்றது. ஆங்கிலம் என்று நினைத்து நாம் இந்தியைத் தோளிற் சுமக்கின்றோம்!

குறிப்பேட்டைத் திருத்திக் கொடுத்த பின்னும் அம்மாணவன் நகரவில்லை. அவன் எண்ணூர்க் குப்பமொன்றில் வாழும் மீனவர் மகன். “ஐயா, ஆலைக்கு உடம்பேது? அதற்கு நலம் என்று எதைச் சொல்கிறார்கள்?” என்று கேட்டான். சிறுவன் கேட்ட கேள்வி பெரியது. அதற்குரிய விடை அந்த ஆங்கிலத் தொடரின் பிறப்பிலேயே கிடக்கின்றது.

துறைமுகத்திற் பிறந்த தொடர்

இத்தொடர் மருத்துவமனையிற் பிறந்ததன்று, துறைமுகத்திற் பிறந்தது. 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைக் கொள்ளைநோய் சூறையாடியது. நோய் கப்பலேறி வருகின்றது என்று கண்ட கடற்கரை நகரங்கள் காப்புத் தேடின. துபுரோவ்னிக்கு என்று இன்று வழங்கும் இரகூசா நகரம், நோய் கண்ட ஊரிலிருந்து வருவோர் முப்பது நாள் புறத்தே தங்கிய பின்னரே உள்ளே புகலாம் என 1377-இல் சட்டம் செய்தது. வெனிசு நகரத்தார் 1423-இல் ஒரு தீவில் நோயர் விடுதி அமைத்தனர். முப்பது நாள் நாளடைவில் நாற்பது நாளாயிற்று. நாற்பது என்னும் எண்ணைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே ‘குவாரன்டீன்’ என்பதற்கு வேர்.

நாற்பது நாள் நங்கூரமிட்டுக் கிடந்தால் வணிகனுக்கு இழப்பு. ஆகவே ஒரு தாள் பிறந்தது. கப்பல் புறப்பட்ட ஊரில் நோய் உண்டா இல்லையா என்று அவ்வூர் அலுவலரோ அயல்நாட்டுப் பேராளரோ எழுதிக் கையொப்பமிட்டுத் தந்த தாளே ‘பில் ஆவ் எல்த்’. இங்குள்ள ‘பில்’ கடைக்காரர் தரும் பற்றுச்சீட்டுமன்று. சட்டமன்றத்தில் வைக்கும் வரைவுமன்று. அரக்கிற் பதித்த பொறியைக் குறிக்கும் ‘புல்லா’ என்னும் இலத்தீனச் சொல்லின் வழிவந்து, பொறியிட்ட ஓலையைக் குறித்தது. நோயில்லா ஊரிலிருந்து புறப்பட்ட கப்பலுக்குத் தூய சீட்டு. நோய் பற்றிய ஐயமுள்ள ஊரெனின் ஐயச் சீட்டு. நோய் பரவிய ஊரெனின் மாசுச் சீட்டு. தூய சீட்டுடைய கப்பல் உடனே கரையணைந்து சரக்கிறக்கும். மாசுச் சீட்டுடையது கரையைப் பார்த்துக்கொண்டு கடலிற் கிடக்கும். 17-ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் வழங்கிய இச்சீட்டின் பெயர், ஆளுக்கும் நிறுவனத்துக்கும் உவமையாகியது 19-ஆம் நூற்றாண்டில்.

இங்கே ஊன்றிக் காணவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்தச் சீட்டு மாலுமியின் உடம்பைப் பற்றிப் பேசவில்லை. அவன் விட்டு வந்த ஊரைப் பற்றிப் பேசியது. அதுவும் அவன் புறப்பட்ட நாளில் ஊர் இருந்த நிலையைப் பற்றியே பேசியது. அவ்வூரின் நலத்தை அவ்வூர் வணிகத்தோடு தொடர்புடையவரே எழுதினர். சீட்டு மாசுற்றால் வணிகம் கெடும். வணிகம் கெடாதிருக்கச் சீட்டு தூயதாக வேண்டும்.

இதன் விளைவை 1720-இல் பிரான்சின் மார்சேய் நகரம் கண்டது. கிராந்து சேந்து அந்துவான் என்னும் கப்பல் சீதோனில் தூய சீட்டுப் பெற்றுப் புறப்பட்டது. வழியிற் பலர் இறந்தனர்; கப்பலின் மருத்துவனும் இறந்தான். ஆயினும், சரக்கில் நகரத்துப் பெருந்தலைகட்குப் பங்கிருந்தது. கோடைச் சந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. காவல் விதிகள் தளர்ந்தன, துணிப்பொதிகள் கரையேறின. நாற்பதாயிரம் பேருக்குக் குறையாமல் அந்நகரில் மாண்டனர். தூய சீட்டு கப்பலில் இருந்தது. கொள்ளைநோயும் அதே கப்பலில் இருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே இருக்கக் கூடும் என்பதே அத்தொடரின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

தமிழனுக்கு அது செய்த நன்மை யாது? 1851-இல் பாரிசில் தொடங்கிய உலக நோய்த்தடுப்பு மாநாடுகளில், கக்கல்கழிச்சல் இந்தியாவிலிருந்து பரவுகின்றது என்று பிற நாட்டார் முறையிட்டபோதெல்லாம், கப்பல்களைத் தடுத்து நிறுத்தினால் வணிகம் கெடும் என்று வழக்காடியவர் ஆங்கிலர். அதே ஆங்கிலராட்சியில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்கட்குப் போன தமிழ்க் கூலிமக்கள் மண்டபத்தில் அடைத்துவைக்கப்பட்டு, நோயில்லை என்று கண்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். மண்டபம் முகாம் என்று அவ்விடம் இன்றும் வழங்குகின்றது. மலையா சென்றவர்களை ஆவடியிலும் நாகையிலும் கூட்டிவைத்தனர். பினாங்கில் இறங்கியோரைச் செரசாக்குத் தீவில் நிறுத்தினர். சரக்குக்கு விரைவு, தமிழனுக்குத் தடை. இந்த வரலாற்றைச் சுமந்த தொடரைத்தான் நலத்தின் அடையாளமென்று நாம் நாவில் வைத்துக் கொஞ்சுகின்றோம்.

இன்னொன்றும் கேளுங்கள். 1934-இல் நாடுகள் பல பாரிசிற் கூடி, இத்தகைய சீட்டு இனி வேண்டாவென்று உடன்படிக்கை செய்தன. இற்றை நாளில் கப்பலின் தலைவர் தம் கப்பலில் நோயுண்டா இல்லையா என்று தாமே அறிவிக்கின்றார். கப்பலைச் சோதித்துத் தரும் சான்றிதழும் வேறு. ஒற்றை மஞ்சட்கொடியும் இன்று ‘என் கப்பல் நலமுடையது, கரையேற இசைவு தருக’ என்றே பொருள்படும். கடலில் இறந்துபோன சீட்டு நம் செய்தித்தாளில் மட்டும் உயிரோடு உலவுகின்றது!

பொறி சரக்குக்கு, நலம் உடம்புக்கு

தமிழர் துறைமுகம் அறியாதவரா? காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் குவிந்த சரக்கின்மேல் சோழர் புலிப்பொறி பதித்ததைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. பொறியிடும் அலுவலரையும் காவலையும் ஆங்கிலர்க்கு நெடுங்காலம் முன்பே நாம் கண்டோம். எனினும் ஒருவன் நோயின்றி இருக்கின்றான் என்பதைச் சொல்ல அந்தப் பொறியைத் தமிழன் எடுக்கவில்லை. பொறி சரக்குக்கு உரியது, நலம் உடம்புக்கு உரியது என்று பிரித்தறிந்தான்.

‘நல்’ என்னும் வேரினின்று நன்மையும் நலமும் நல்லதும் கிளைத்தன. ‘நோ’ என்னும் வேரினின்று நோதலும் நோவும் நோயும் கிளைத்தன. நலமென்றால் உள்ளே இருக்கும் நன்மை. நோயென்றால் உள்ளே உணரும் நோவு. இரண்டும் உடையவனே உணர்வன. அலுவலர் வந்து எழுதித் தந்தால் வருவதுமில்லை, எழுதித் தராவிட்டாற் போவதுமில்லை. திருவள்ளுவர் தம் நூலின் 95-ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயரிட்டு, அதில் உண்டது செரித்தலையும் அளவறிந்து உண்ணலையும் பேசினார். நோயை நாடி அதன் முதலை நாடுமாறு மருத்துவனுக்குச் சொன்னார். சான்றுத்தாள் பற்றிப் பேசினாரல்லர்.

நம் ஊர்ப் பேச்சைக் கேளுங்கள். நோயிலிருந்து எழுந்தவனை ‘உடம்பு தேறிவிட்டது’ என்கின்றோம். உரம் குன்றாத முதியவரைக் ‘கல்லுப்போல இருக்கிறார்’ என்கின்றோம். வாழ்த்தும்போது ‘நோய்நொடியில்லாமல் இரு’ என்கின்றோம். மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை, போய் வா’ என்றால் அந்த ‘ஒன்றுமில்லை’ என்பதில் உள்ள ஆறுதல் எந்தச் சீட்டில் உண்டு?

ஆங்கிலத் தொடரோ எல்லாவற்றையும் ஒரே குட்டையிற் குழப்புகின்றது. மாந்தனுக்கும் அதே தொடர்; இயந்திரத்துக்கும் அதே தொடர்; கணக்கேட்டுக்கும், குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கும், நச்சுப்புகை கக்கும் ஆலைக்கும் அதே தொடர். தமிழில் உடம்புக்கு ‘நோயில்லை’, இயந்திரத்துக்குப் ‘பழுதில்லை’, கணக்குக்குப் ‘பிழையில்லை’, ஆளுக்குக் ‘குற்றமில்லை’, ஆற்றுநீருக்கு ‘மாசில்லை’. ஐந்துக்கும் ஐந்து சொல். மாசில்லை என்று எழுதினால், ‘எந்த நீரை, எந்நாள், எவர் அளந்தார்?’ என்று படிப்பவன் கேட்பான். சுத்தமான சுகாதாரச் சான்றிதழ் என்று எழுதினால் கேட்கமாட்டான். ஏதோ பெரிதாகக் கொடுத்துவிட்டார்கள் என்று வாய் மூடுவான். என் மாணவனின் கேள்விக்கு விடை இதுதான்: ஆலைக்கு உடம்பில்லை, நலமுமில்லை; அதற்குப் பழுதுண்டா இல்லையா, அது மாசு கக்குகின்றதா இல்லையா என்பதே கேள்வி. நலம் என்பது அதன் மதிலுக்கு வெளியே குடியிருப்பவர்க்கு உரியது.

‘ஒரு தொடருக்கா இத்துணைச் சினம்? மொழிகள் ஒன்றினின்றொன்று கொண்டும் கொடுத்தும் வளர்வனவல்லவோ?’ என்று கேட்பார் உளர். கேட்பவர் ஆங்கிலத்தில் நலங்குறிக்கும் மற்றொரு தொடரை எண்ணட்டும். ‘பிட் ஆசு எ பிடில்’ என்பர். அதனை அப்படியே பெயர்த்து ‘பிடிலைப்போல் பொருந்தியவன்’ என்றால் எவனுக்கு விளங்கும்? அத்தொடர் பிறந்த காலத்தில் ‘பிட்’ என்பது நலத்தையன்று, தக்கதாய்ப் பொருந்துதலையே குறித்தது என்பதை இன்றை ஆங்கிலரே பெரும்பாலும் மறந்துவிட்டனர். தம் தொடரின் பொருளைத் தாமே மறந்தாலும் அவர்கட்கு அஃது மரபு. பாட்டன் பேசியது, பேரன் பேசுகின்றான். நமக்கு அவ்வுறவுமில்லை. ஆங்கிலத்தை ஆங்கிலமாகக் கற்பதை யான் எதிர்க்கவில்லை. கல்லூரியில் யானும் கற்றேன். ஆங்கிலத்தின் எலும்பைத் தமிழின் தோலுக்குள் திணிப்பதையே எதிர்க்கின்றேன்.

‘தூய தமிழ் மக்கள் வாயில் நுழையாது’ என்பார்க்கும் விடையுண்டு. நம் பாட்டனார் எழுதிய மடல்களை எடுத்துப் பாருங்கள்: ‘இவ்விடம் அனைவரும் க்ஷேமம்’ என்று தொடங்கும். அந்த வல்லெழுத்துக் கூட்டத்தைத் துரத்தி ‘நலம், நலமறிய அவா’ என்று எழுதவைத்தது எது? மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் ஊட்டிய உணர்வன்றோ? உணவைப் பற்றியும், மக்கள் நூறாண்டு வாழ்வதைப் பற்றியும் நூலெழுதிய அவ்வடிகள், நலத்தைத் தமிழாலேயே பேச முடியும் என்று அன்றே காட்டினார். சுகாதாரம் என்று எழுதிய அரசே ‘மக்கள் நல்வாழ்வுத் துறை’ என்று பலகை வைத்தது. 2020-இல் மகுடைத் தொற்று வந்தபோது, அவ்வாண்டு மேத் திங்களில் சென்னை மண்டலங்களுள் மிகுதியாகத் தாக்குண்டது நம் இராயபுரம். அங்கே மீன் விற்கும் தாய்மார் கூடத் ‘தனிமைப்படுத்தல்’ என்னும் சொல்லைச் சில கிழமைக்குள் கற்றுப் பேசினர். நாற்பது என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லைவிட அது தெளிவாக இருந்ததே கரணியம். சொல் மக்களுக்கு நுழையாமலில்லை. சொல்ல வேண்டியவர்தாம் சொல்லாமலிருக்கின்றனர்.

சீட்டு எங்கே, நலம் எங்கே?

இனி நம் கடற்கரைக்கு வருவோம். இராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு புறம் கடல். மறு புறம் துறைமுகம், எண்ணெய் ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையம்.

2017 சனவரி 28-ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்கு எண்ணெய்க் கேடு எதுவுமில்லை என்று துறைமுகத்தின் முதல் அறிக்கை கூறியது. தூய சீட்டு! அடுத்த நாள்களில் எண்ணூர் முதல் தெற்கே கடற்கரை நெடுகிலும் கருங்குழம்பு ஒதுங்கியது. மாணவரும் மீனவரும் தொழிலாளரும் வாளி வாளியாகக் கையால் அள்ளினர். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. குழம்பு மீனவன் கையில் இருந்தது.

2023 திசம்பரில் மிக்சாம் புயலின் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொற்றலையாற்றுக் கழிமுகத்தை அடைந்தது. படகும் வலையும் அலையாத்தி மரங்களும் கருமை பூண்டன; கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் ஒட்டியது. அனல்மின் நிலையச் சாம்பலால் முன்னரே தூர்ந்துகொண்டிருந்த கழிமுகம் அது. இறாலும் நண்டும் தேடி அந்நீரில் இறங்கிக் கையால் தடவிப் பிடிக்கும் மக்களுக்கு, நீரின் நலமே உடம்பின் நலம்.

அதே திங்கள் 26-ஆம் நாள் நள்ளிரவில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் என்னும் வரம்பிருக்க, 2090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து கூறியது. இந்த எண்ணைப் பாருங்கள்! இது சீட்டன்று, அளவு. எவர்க்கும் விளங்குவது, எவரும் திருப்பிக் கேட்கக் கூடியது. நலத்தைப் பற்றிய பேச்சு இப்படித்தான் இருத்தல் வேண்டும்.

மொழிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பார்க்கு ஒரு சான்று போதும். 2020-இல் நடுவணரசு, ஆலைகளும் துறைமுகங்களும் தொடங்குமுன் செய்ய வேண்டிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் புதிய விதிகளை வரைந்தது. மக்கள் கருத்துச் சொல்ல வேண்டும் என்று அறிவித்த அவ்வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளியிட்டது. எண்ணூர் மீனவன் எம்மொழியிற் படித்து எம்மொழியிற் கருத்துச் சொல்வான்? அவ்வாண்டு சூன் 30-ஆம் நாள், அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனைப் பெயர்க்குமாறு தில்லி உயர்நயன்மன்றம் ஆணையிட்டது. நடுவணரசு பெயர்த்துத் தந்ததா? இல்லை, ஆணையை எதிர்த்து உச்ச நயன்மன்றத்துக்குப் போயிற்று! தன் மூச்சுக் காற்றைப் பற்றிய செய்தியைத் தன் மொழியிற் படிக்கக் கேட்டது குற்றம் போலும்! தமிழ் புரியாத தாளில் தமிழன் நலம் எழுதப்படும் வரையில், மார்சேய்த் துறையிற் சீட்டெழுதியவர் இங்கும் எழுதிக்கொண்டேயிருப்பர்.

ஆதலால் இவ்விதழ் படிக்கும் அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று: ‘சுத்தமான சுகாதாரச் சான்றிதழ்’, ‘கிளீன் சிட்’ என்று எந்தச் செய்தித்தாளேனும் எழுதக் கண்டால், அன்றே அதன் ஆசிரியர்க்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். நோயில்லை, பழுதில்லை, பிழையில்லை, குற்றமில்லை, மாசில்லை என்னும் ஐந்தில் எது பொருந்துமோ அதனை எடுத்துக்காட்டுங்கள். வசை வேண்டா, சொல்லைக் கொடுங்கள்.

இரண்டு: ஆரோக்கியம், சௌக்கியம், திடகாத்திரம் என்பவற்றை நம் வீட்டுப் பேச்சிலிருந்து முதலில் நீக்குவோம். நலம், உரம், நோயின்மை என்பன நம் பிள்ளைகளின் நாவிற் பழகட்டும். வீட்டில் வழங்காத சொல்லை மேடையில் முழங்கிப் பயனில்லை.

மூன்று: வடசென்னை அன்பர்கள், தத்தம் பகுதி ஆலையின் வாயிலிலும் மாசு அளவைப் பலகையிலும் காண்பது தமிழா என்று பாருங்கள். தமிழாயின், படித்தவுடன் பொருள் விளங்கும் தமிழா என்று பாருங்கள். இல்லையெனில் எழுதிக் கேளுங்கள். கசிவு நேர்ந்தால் எப்பக்கம் ஓடுவது என்பதைக் கூட அயன்மொழியில் எழுதி வைத்திருக்கும் ஊரில் தமிழ் வாழ்க என்று முழங்குவது எதற்கு?

அம்மாணவன் குறிப்பேட்டில் திருத்தி எழுதிய வரி இப்பொழுது இவ்வாறுள்ளது: ‘ஆலையிற் பழுதில்லை என்று அலுவலர்கள் கூறிச் சென்றனர்.’ அதன் கீழே, யான் சொல்லாமலே, அவன் ஒரு வரி சேர்த்திருக்கின்றான்: ‘ஊரில் யாரையும் கேட்கவில்லை.’ மொழிபெயர்ப்பில் இல்லாத வரியைச் சேர்த்தமைக்கு மதிப்பெண் குறைத்தல் வேண்டும். யான் குறைக்கவில்லை.